கடலோரக் காற்றில் ரெட் டாட் பொருத்திய ஏர் பிஸ்டல்: வாங்கும் நாளிலிருந்து மூன்றாம் மழைக்காலம் வரை

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. காலையில் மொட்டை மாடிக் கம்பியைத் தொட்டால் விரலில் உப்புப் பிசுபிசுப்பு ஒட்டும். இரும்பு கேட்டுக்கு வருடா வருடம் பெயிண்ட் அடித்தாலும் கீழ்ப்பட்டை பொருக்குப் பொருக்காக உதிரும். இந்தக் காற்றில்தான் ஒரு ஸ்பிரிங் ஏர் பிஸ்டலும், அதன்மேல் பொருத்த ஒரு ரெட் டாட் சைட்டும் (கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கின்மேல் வைத்துக் குறி பார்க்கும் கருவி) வாங்கினேன்.

முதல் பதினான்கு மாதத்தில் மவுண்ட் (சைட்டைப் பிஸ்டலோடு பிடித்திருக்கும் தாங்கி) நகர்ந்து சைட் ஆட்டம் கண்டது. ஒரு சைட்டின் புள்ளி விட்டு விட்டு எரிந்து கடைசியில் அணைந்தே போனது. மாற்றி வாங்கிய சைட்டின் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்தது. பேரலின் (குழலின்) அடிப்பக்கம் செம்புள்ளி விட்டது. வாரண்டி கேட்டு ஏழு வாரம் அலைந்தேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் செய்து இரண்டு முழு மழைக்காலம் ஓட்டிவிட்டேன். இன்றுவரை சீரோ (புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி செய்த ஒழுங்கு) நகரவில்லை. புதிதாக வாங்க நினைப்பவர்கள் அந்தப் பதினான்கு மாதத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வாங்குவதற்கு முன்: எதற்காக, எந்தச் சட்டத்துக்குள்

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ரெட் டாட் வாங்காதீர்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த சைட் (முன்னும் பின்னும் உள்ள உலோகக் குறிமுனைகள்) மட்டும்தான் அனுமதி. லென்ஸ், லேசர், புள்ளி எதுவும் கூடாது. ரெட் டாட்டில் ஒரு வருடம் பழகிவிட்டுத் திறந்த சைட்டுக்கு மாறுவது, பழகாமலே தொடங்குவதைவிடக் கஷ்டம். வீட்டுத் தோப்பில் அட்டையில் குறி பார்த்துச் சுட, கண் கொஞ்சம் மங்கியவர்கள் பொழுதுபோக்காகப் பழக, ரெட் டாட் நல்ல துணை.

சட்டம் பற்றி. 2016 ஆயுத விதிகளின்படி முகப்பு ஆற்றல் (குழலை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றல்) 20 ஜூலுக்கு மேல் போகும் காற்றுத் துப்பாக்கிக்கும், குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ளே இருந்தால் வேண்டாம். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. இந்த இரண்டு எண்ணும் அச்சிட்ட காகிதமோ தயாரிப்பாளரின் சான்றோ பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

உரிமம் வேண்டாம் என்பதால் எங்கேயும் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கமெல்லாம் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுபோவதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறவையைக் குறி பார்ப்பது பற்றிப் பேசவே வேண்டாம். தோப்புக்கு வரும் மயிலைத் தொட்டால் சிறைதான். அப்புறம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏர் பிஸ்டலும் நிஜப் பிஸ்டலும் ஒன்றுதான். பேருந்திலோ பைக்கிலோ வெளியே தெரியும்படி எடுத்துப் போகாதீர்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். பெட்டிக்குள் பூட்டி, பில் நகல் மேலே இருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள்.

(கலெக்டர் அலுவலகத்தில் உரிமம் பெற்று நிஜப் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் சைட், லென்ஸ், ஈரம் பற்றியவை பொருந்தும். ஆனால் அந்தத் துப்பாக்கியைத் திறந்து பழுது பார்ப்பது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை, வீட்டு வேலை அல்ல. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்து வருடத்துக்கு என்பதால் புதுப்பிக்கும் தேதி சுலபமாக மறந்து போகும். காலண்டரில் குறித்து வையுங்கள்.)

வாங்கும் முன் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணில் சிலிண்டர் பவர் இருந்தால் சிவப்புப் புள்ளி வட்டமாகத் தெரியாது. வால் முளைத்த மாதிரி, சிதறிய நட்சத்திரம் மாதிரி தெரியும். என் நண்பர் ஒருவர் சைட்தான் பழுது என்று இரண்டு முறை மாற்றினார். சோதிக்க வழி சுலபம்: செல்போன் கேமரா வழியாகப் புள்ளியைப் பாருங்கள். கேமராவில் வட்டமாகவும் கண்ணுக்குச் சிதறலாகவும் இருந்தால், செலவழிக்க வேண்டியது கண்ணாடிக்குத்தான்.

2. காகிதங்களை முதல் நாளே பத்திரப்படுத்துங்கள்

என்னிடம் கேட்டவை ஆதார் நகல், பான் நகல், ஒரு புகைப்படம், கையெழுத்திட்ட ஒரு படிவம். வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் அதை மாற்றிவிட்டு வாங்குங்கள். என் ஆதாரில் திருவட்டாறு முகவரி, கூரியர் முகவரி மணவாளக்குறிச்சி; அந்த ஒரு காரணத்துக்காகவே பார்சல் ஒன்பது நாள் நின்றது.

பில்லில் பிஸ்டலின் வரிசை எண்ணும் சைட்டின் வரிசை எண்ணும் தனித்தனி வரியில் இருக்கவேண்டும். இரண்டையும் சேர்த்து ‘ஏர் பிஸ்டல் செட்’ என்று ஒரே வரியில் போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பின்னால் சைட் மட்டும் கெட்டால், இந்த சைட் எங்களிடம் வாங்கியதுதானா என்று கேட்பார்கள். எனக்குக் கேட்டார்கள்.

இன்னொரு பொறி பில் காகிதமே. சின்ன மெஷினில் அச்சாகி வரும் வழவழப்பான பில் இருக்கிறதே, அது இந்த ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் ஒரு வருடத்துக்குள் வெள்ளையாகிவிடும். நான் வாரண்டிக்குப் போனபோது கையில் இருந்தது வெறும் வெள்ளைத் தாள். வாங்கிய அன்றே இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். அந்தப் பில்லை லாமினேட் செய்யப் போகாதீர்கள், சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துவிடும். ஜெராக்ஸை லாமினேட் செய்யலாம்.

பெட்டியை முதன்முதலில் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். கண்ணாடி, இரண்டு வரிசை எண்கள், புள்ளி எரிவது இவை தெரிந்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

3. எந்த சைட்

ஸ்பிரிங் பிஸ்டலின் உதை விசித்திரமானது. ஸ்பிரிங் தள்ள, உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நின்றதும் முன்னால் இடிக்கும். ஒரே சுடுதலில் இரு திசை அதிர்ச்சி. நிஜத் துப்பாக்கிக்கென்று செய்த நல்ல சைட்டுகள்கூட ஒரு திசை உதையைத்தான் எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஏர் பிஸ்டல் மெதுவானதுதானே, எந்த சைட்டும் தாங்கும் என்று எனக்குச் சொன்னார்கள். என் முதல் சைட் அணைந்தது அந்தப் பேச்சை நம்பியதால். கையேட்டில் ‘ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு அல்லது அழுத்தக் காற்றில் இயங்கும் பிஸ்டல் என்றால் இந்தக் கவலை மிகவும் குறைவு.

அடுத்தது திறந்த வகையா, மூடிய குழாய் வகையா என்பது. திறந்த வகையில் ஒற்றைக் கண்ணாடி நிற்கும். புள்ளியை வீசும் சின்ன விளக்கு அடித்தட்டில் வெளியே தெரியும்படி இருக்கும். அதன்மேல் ஒரு சாரல் துளி, ஒரு தூசி விழுந்தால் புள்ளி கலங்கிவிடும். பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் புழுதி அள்ளி வீசும் இடத்திலும், கடலோரத்திலும் மூடிய குழாய் வகையே மேல். காற்றுப் புகாமல் அடைத்து உள்ளே நைட்ரஜன் நிரப்பியது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம். பூஞ்சை உள்ளே போக வழி இருக்காது.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். 10 மீட்டர் தூரத்தில் 1 எம்.ஓ.ஏ. ஏறத்தாழ 2.9 மி.மீ. ஆக, 3 எம்.ஓ.ஏ. புள்ளி 10 மீட்டரில் சுமார் 9 மி.மீ. இடத்தை மறைக்கும். ஏர் பிஸ்டல் இலக்கு அட்டையின் பத்தாம் வளையம் 11.5 மி.மீ., அதற்குள் அடங்கிவிடும். 6 எம்.ஓ.ஏ. வாங்கினால் பத்தாம் வளையமே தெரியாது.

கடைசியாக, உங்கள் பிஸ்டலின் மேல்தடம் (மவுண்ட் ஏறி உட்காரும் இடம்) என்ன அளவு என்று கேளுங்கள். ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலும் 11 மி.மீ. டோவ்டெய்ல் என்ற குறுகிய தடம், பல சைட்டுகளோடு வருவது பிக்காட்டினி என்ற அகலமான தடத்துக்கான மவுண்ட். இரண்டும் சேராது. மாற்று மவுண்டுக்குத் தனியாக அலைய வேண்டியிருக்கும்.

4. பொருத்துவது: ஒரு சாயங்காலத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்

கெட்டுப்போனவற்றில் பாதி பொருத்துவதில் கெட்டுப்போனவைதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பிஸ்டலில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லை, ஸ்பிரிங் இழுபடவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். தடத்திலும் ஸ்க்ரூவிலும் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பனியன் துணியில் நனைத்து இரண்டு முறை துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். எண்ணெய் மேல் வைத்த மவுண்ட் எவ்வளவு முறுக்கினாலும் நகரும்.

மவுண்டைத் தடத்தில் ஏற்றியதும் அதன் பின்பக்கத்தைக் கவனியுங்கள். துப்பாக்கி முன்னால் இடிக்கும்போது சைட் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் சுடச் சுட அது பின்னோக்கி ஊர்ந்து வரும். அதைத் தடுக்கத் தடத்தில் சின்னக் குழி இருந்தால், மவுண்டின் அடியில் இருக்கும் நிறுத்துமுளை அதில் உட்காரவேண்டும். குழி இல்லையென்றால் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு நிறுத்துக்கட்டை பொருத்துங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டதால் இருநூறு சுடுதலில் சைட் நான்கு மி.மீ. பின்னால் வந்து, தடத்தில் கீறலும் விழுந்தது.

ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முழுக்க முறுக்காதீர்கள். இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. ஒவ்வொன்றிலும் நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சின்னத் துளி போதும். சிவப்பு வேண்டவே வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. சூடு காட்டினால் சைட்டின் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். லாக்டைட் லென்ஸ் பக்கமோ, புள்ளியை நகர்த்தும் திருகுகளிலோ படக்கூடாது. முறுக்கும் பலம் கையேட்டில் இருக்கும். அதற்கான ஸ்பேனர் இல்லையென்றால் ஆலன் கீயின் நீளக் கையைச் செருகி, குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து முறுக்குங்கள். அந்தப் பிடியில் வருகிற பலமே இந்தச் சின்ன ஸ்க்ரூக்களுக்குப் போதும். நீளக் கையைப் பிடித்து முறுக்கினால் மரை போய்விடும்.

பின்பு 24 மணி நேரம் தொடாதீர்கள். லாக்டைட் முழுதாக இறுக அவ்வளவு நேரம் ஆகும். மறுநாள் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து மவுண்ட் வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். மவுண்டிலிருந்து தடத்துக்கும் ஒன்று. கோடு உடைந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பேரலை மடக்கி ஸ்பிரிங் இழுக்கும் பிஸ்டல் என்றால், சைட்டைக் கைப்பிடியாகப் பிடித்து மடக்காதீர்கள். கை தானாக அங்கேதான் போகும். வீட்டுக்கு வந்து சுட்டுப் பார்க்கிறேன் என்று கேட்ட எல்லோரும் இதைச் செய்தார்கள். பெல்லட் போடும்போது ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்கட்டும், டிரிகர் பக்கம் விரல் போகவேண்டாம். பேரல் நழுவி மூடினால் விரல் நசுங்கும்.

5. சீரோ செய்வது: அவசரப்பட்டால் பெல்லட்தான் வீண்

புதுப் பிஸ்டலில் முதல் நூறு சுடுதல் வரை லேசாகப் புகை வரலாம், சத்தமும் மாறி மாறி இருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் எரிகிறது. அது அடங்கும் வரை சீரோவைத் தொடாதீர்கள், ஏனென்றால் வேகம் நிலைப்படவில்லை.

அதற்குள் சுடும் இடத்தைச் சரி செய்துவிடலாம். பெல்லட்டைப் பிடிக்க, பழந்துணி இறுக்கி அடைத்த மரப்பெட்டி. அதற்குப் பின்னால் சுவர். வெறும் சுவர் மட்டும் இருந்தால் பெல்லட் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும். தோப்பில் தேங்காய் வெட்டும் நாளில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் பிஸ்டலைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். 4.5 மி.மீ. பெல்லட் கண்ணைப் பறிக்கும்.

மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் கையைத் தாங்கி, 10 மீட்டரில் ஐந்து சுடுங்கள். ஒரு பெல்லட்டை வைத்துத் திருகைத் தொடாதீர்கள், ஐந்தின் நடுவைப் பாருங்கள். நடு 3 செ.மீ. கீழேயும் 2 செ.மீ. இடப்பக்கமும் இருக்கிறது என்று வையுங்கள். சைட்டின் திருகை ஒரு கிளிக் சுற்றினால் 1 எம்.ஓ.ஏ. நகரும் என்றால், 30ஐ 2.9ஆல் வகுத்துப் பத்து கிளிக் மேலே, 20ஐ 2.9ஆல் வகுத்து ஏழு கிளிக் வலப்பக்கம். மறுபடி ஐந்து. மூன்று சுற்றில் முடிந்துவிடும். முடியவில்லை, ஒவ்வொரு முறையும் நடு இடம் மாறுகிறது என்றால் திருகை விட்டுவிட்டு நெயில் பாலிஷ் கோடுகளைப் பாருங்கள்.

புள்ளி எப்போதும் கண்ணாடியின் நடுவில் இருக்கட்டும். ரெட் டாட்டுகள் பெரும்பாலும் 40, 50 மீட்டர் தூரத்துக்கு என்று ஒழுங்கு செய்யப்பட்டவை. 10 மீட்டரில் தலையை ஓரமாகச் சாய்த்துப் பார்த்தால் புள்ளி ஒரு இடத்தையும் பெல்லட் ஒரு இடத்தையும் காட்டும். எந்த டப்பா பெல்லட்டில் சீரோ செய்தீர்களோ அதே வகையில் தொடருங்கள். தேதி, பெல்லட் வகை, எத்தனை கிளிக் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

6. சுட்டு முடித்த பிறகு பத்து நிமிடம்

நம் மாவட்டத்தில் எந்த வீட்டிலும் கைக்கு முதலில் கிடைப்பது தேங்காய் எண்ணெய். கத்தி, அரிவாளுக்குப் பூசிப் பழகிய கை பிஸ்டலுக்கும் அதையே எடுக்கும். வேண்டாம். அது நாள்பட நாள்படக் காறல் எடுத்துப் பிசினாகும். மார்கழிக் காலையில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். டிரிகர் உள்ளே போனால் கழற்றித்தான் சுத்தம் செய்யவேண்டும். டபிள்யூ.டி.40 தெளிப்பதும் பரவலான பழக்கம். ஈரத்தை விரட்ட அது நல்லது, ஆனால் இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும், காப்பாக நிலைக்காது.

வெளிப்புற உலோகத்துக்கு மெல்லிய துப்பாக்கி எண்ணெய் அல்லது தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி துணியில் விட்டு, துணியால் துடைத்தால் போதும். துளி நேரே பிஸ்டலில் விழக்கூடாது. கைரேகைதான் முதல் எதிரி: வியர்வை உப்பு பட்ட இடத்தில் மறுநாளே செம்புள்ளி வரும். பிஸ்டலைச் சுடாமல் நண்பரிடம் காட்டிவிட்டு வைத்தாலும் துடைத்துத்தான் வைக்கவேண்டும்.

பிஸ்டன் இருக்கும் அறைக்குள் சாதாரண எண்ணெய் விடாதீர்கள். அழுத்தத்தில் சூடாகி டீசல் எஞ்சின் மாதிரி பற்றி எரியும். பிஸ்டனில் காற்றை அடைக்கும் சீல் கருகும், ஸ்பிரிங் உடையும். அங்கே சிலிக்கோன் எண்ணெய் மட்டும், அதுவும் கையேடு சொல்லும் இடைவெளியில் ஒரு துளி. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் அதே சீலைத்தான் கொல்லும். ஸ்பிரிங்கை இழுத்தபடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் கூடாது.

பேரலை ஐநூறு சுடுதலுக்கு ஒரு முறை, நைலான் கயிற்றில் கட்டிய துணித் துண்டைப் பின்பக்கமிருந்து முன்பக்கம் இழுத்துச் சுத்தம் செய்யலாம். பெல்லட் டப்பாவையும் திறந்து பாருங்கள். கடற்காற்று பட்ட ஈயத்தில் வெள்ளைப் பொடி படியும், அது விஷம். அப்படிப்பட்ட பெல்லட்டுகளைச் சுடாதீர்கள், கைபட உதிர்க்கவும் வேண்டாம். சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடாதீர்கள்.

7. வைக்கும் இடம்

பிஸ்டலோடு வந்த, உள்ளே பஞ்சு வைத்த பெட்டியில் நிரந்தரமாக வைக்காதீர்கள். என் பேரலின் அடியில் துரு வந்ததற்கு அதுதான் காரணம். பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பேரலோடு ஒட்டி நிற்கும். அந்தப் பெட்டி பயணத்துக்கு மட்டும்.

முறுக்கு, அதிரசம் போட்டு வைக்கிற, ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி, துணிப்பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல். ஈரமானி 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் காட்டவேண்டும். ஆனி மாதக் காலையில் எங்கள் வீட்டு அலமாரியில் அதே ஈரமானி 84 காட்டியது. அந்த ஈரத்தில்தான் லென்ஸில் பூஞ்சை வளர்கிறது. குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு இருப்பவர்கள் கடலோரத்தாரைவிட இதில் கவனமாக இருக்கவேண்டும்; அங்கே உப்பு குறைவு, ஈரம் அதிகம்.

நீல சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு நிறத்தது பச்சையாகும். நிறம் மாறினால் பழைய இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதனால் சமையல் சட்டி வேண்டாம். முடிந்தால் ஆரஞ்சு வாங்குங்கள். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வறுக்க நேர்கிறது, மாசி பங்குனியில் இரண்டு மாதம் தாங்கும்.

பெட்டியைப் பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், பெல்லட் டப்பா வேறு இடத்தில்.

8. லென்ஸும் பேட்டரியும்

லென்ஸில் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்பு ஊதியால் முதலில் மணல் தூசியைப் போக்கிவிட்டு, பிறகே மைக்ரோஃபைபர் துணி. மணவாளக்குறிச்சி மணல் எவ்வளவு நுணுக்கம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஊதாமல் துடைத்தால் பூச்சு முழுக்கக் கோடு விழும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கூடாது. பூஞ்சை வெளிக் கண்ணாடியில் என்றால் லென்ஸ் துடைக்கும் திரவத்தில் போய்விடும். உள்ளே போய்விட்டால் வீட்டில் பிரிக்காதீர்கள். நான் பிரித்தேன், திரும்ப அடைக்க முடியவில்லை.

பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032, மூன்று வோல்ட். என் முதல் சைட்டின் புள்ளி மின்னியதற்கு உதை ஒரு காரணம். பேட்டரி தொடும் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது இன்னொன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து தகட்டைப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவுங்கள், ஈரம் நுழைய அதுதான் வழி. ஒரு மாதத்துக்கு மேல் சுடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றிய பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

9. செலவும் காலமும்

பிஸ்டலும் சைட்டும் நீங்களே முடிவு செய்யும் விலை. அதற்கு மேல் எனக்கு ஆனது: மவுண்ட் 650 ரூபாய், லாக்டைட் 180, ஈரமானி 350, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ 220, பெட்டி 400, சிலிக்கோன் எண்ணெய் 250, ஆல்கஹால் 120, பேட்டரி 60. மொத்தம் 2,230. இந்தப் பணத்தை மிச்சம் பிடித்ததால்தான் 4,200 ரூபாய் சைட்டை இழந்தேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஆகவே முழுச் சோதனையும் இரண்டு. வைகாசியில், தென்மேற்கு மழைக்கு முன் ஒன்று. புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி அடைமழைக்கு முன் ஒன்று. கோடுகளைப் பார்ப்பது, ஐந்து பெல்லட்டில் சீரோ உறுதி செய்வது, பேட்டரித் தகடு, ரப்பர் வளையம், சிலிக்கா ஜெல். ஒரு மணி நேரம் ஆகும். ஸ்பிரிங்கும் சீலும் சில ஆயிரம் சுடுதலுக்குப் பிறகு மாற்றவேண்டியவை. சுடுதல் எண்ணிக்கையை நோட்டில் எழுதினால்தான் அது எப்போது என்று தெரியும். பெல்லட் முன்பைவிடத் தாழ விழ ஆரம்பித்தால் சைட்டைத் திருகாதீர்கள், சீல் தேய்ந்திருக்கலாம்.

10. கெட்டுப்போனால்

முதலில் எழுத்தில் புகார். தொலைபேசியில் பேசியது எதுவும் கணக்கில் வராது. நான் நான்கு வாரம் போனிலேயே கழித்தேன். மின்னஞ்சலில் வரிசை எண், வாங்கிய தேதி, பழுது, பெட்டி பிரித்த வீடியோ, இவை போகட்டும். சைட்டை மட்டும் கழற்றி அனுப்புங்கள். பிஸ்டலோடு சேர்த்து அனுப்பினால் கூரியரில் எடுக்க மாட்டார்கள்; நாகர்கோவிலில் இரண்டு இடத்தில் எனக்கு மறுத்தார்கள். சைட்டைக் கழற்றும் முன் மவுண்ட் தடத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் வாங்கிய கடை, அதுவரை மௌனமாக இருந்தது, 1915இல் பதிவு செய்த பிறகே பதில் எழுதியது. அதிலும் முடியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கொண்டுபோக வேண்டியவை பில் நகல், வாரண்டி அட்டை, மின்னஞ்சல் அச்சுகள், கூரியர் ரசீது, ஆதார் நகல். கூரியர் ரசீதும் அந்த வழவழப்புக் காகிதத்தில்தான் தருவார்கள்; அதையும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.